‘பின்’ என்றொரு பட்டன்

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சுகந்திக்கு அன்று காலை அதுதான் வேலை. எதிரே ஒருவர் தன் போனில் ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைத் திறந்து டயாலிசிஸுக்கு நேரம் பதிவு செய்வார். இவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் தடுமாறினாலும் உதவக் கூடாது, விரலை நீட்டக் கூடாது, அங்கே இல்லை இங்கே என்று சொல்லக் கூடாது, புருவத்தைக்கூடத் தூக்கக் கூடாது. ஏனென்றால் நாளைக்கு அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து பதிவு செய்யும்போது பக்கத்தில் சுகந்தி இருக்கப் போவதில்லை. இதை அவள் எத்தனை கல்லூரிகளில் மேடையேறிச் சொல்லியிருக்கிறாள்! வெப் டிசைனர் என்றால் கலர் அடிக்கிறவள் இல்லை தம்பிகளா, ஜனங்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்க்கிறவள், பார்க்கும்போது வாயைத் திறக்காதவள். கைதட்டினார்கள். மேடையில் சொல்வதற்கென்ன, சுலபம். இங்கே மருந்துக்கடைக்குப் பக்கத்து மீட்டிங் ரூமில், ஏசி நேராகப் பிடரியில் அடிக்க, பினாயில் வாசனையும் யாரோ குடித்துவிட்டு வைத்த காபி வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏற, நாக்கு துடிக்கிறது. அதிலும் இவளுக்கு இயல்பிலேயே வாய் சும்மா இருக்காது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கும் சேர்த்து ரசம் கேட்கிற ரகம். மேசையின் அந்தக் கோடியில் கிளாட்வின் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சமாச்சாரம் முழுக்க அவர் பொறுப்பு. பதிவு ஆனால் அவர் ஸ்கிரீனில் பச்சையாக ஒரு வரி வரும், ஆகாவிட்டால் வராது. வராது என்று முடிவுகட்டிக்கொண்டே வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். உள்ளே நுழையும்போதே சொல்லிவிட்டார்: “மேடம், இந்தத் தமிழ்ப் பக்கம் போட்டதுல இருந்து கம்ப்ளெயின்ட்டு மேல கம்ப்ளெயின்ட்டு. பதிவு பண்ணினேன், பண்ணினேன்னு வந்து நிக்கறாங்க, சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல. இன்னைக்கு இவருக்கும் வரலைன்னா தூக்கிரலாம். இங்கிலீஷ் மட்டும் இருக்கட்டும். தெரியாதவங்க கவுண்டர்ல வந்து நிக்கட்டும்.” தூக்கிரலாமாம்! என்னவோ வாசலில் கிடக்கிற செருப்பைத் தூக்குகிற மாதிரி. அந்தப் பக்கத்துக்காக அவள் எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்! டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து போய், அந்த உடம்போடு மறுபடி வரிசையில் நிற்கிற ஜனங்களைப் பார்த்துப் பார்த்துத்தானே தமிழில் வேண்டும் என்று அடம்பிடித்தாள்? அது போய்விட்டால் இவள் வேலையும் போகும், அது வேறு விஷயம், அதை இப்போது நினைக்காதே, வாயை மூடு, பார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சென்னியப்பன். பீளமேட்டுப் பக்கம் பம்ப் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, இடது முழங்கைக்குக் கீழே டயாலிசிஸ் ஊசி போடுகிற இடத்தில் நரம்பு கயிறாகப் புடைத்துக்கொண்டு. சுகந்தி அதைப் பார்க்கக் கூடாதென்று நினைத்து நினைத்து அதையே பார்த்தாள். மனுஷன் நோயாளி மாதிரியே வரவில்லை, ஏதோ மெஷினை ரிப்பேர் பார்க்க வந்தவர் மாதிரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். “இது உங்களுக்குப் பரீட்சை இல்லீங்ணா, எங்க பக்கத்துக்குத்தான் பரீட்சை. மனசுல தோணறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. நான் மட்டும் எதுவும் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க” என்று வழக்கமான பாடத்தை அவள் ஒப்பித்தபோது, அவர் கையை ஆட்டித் தள்ளினார். “பரீட்சை வெச்சாலும் எனக்கென்ன அம்மிணி? எனக்கெல்லாம் இது தெரியுமுங். என்ற சம்சாரந்தான் போன தடவை தப்பா அமுத்தீட்டா. தெய்வானைன்னு பேரு. எல்லாம் முடிஞ்சுதுங்ன்னு அடிச்சுச் சொன்னா. நம்பி வந்தா உங்க பேரே இல்லைங்கறாங்க. திருப்பி அனுப்பீட்டாங்க. அடுத்து எடம் கெடைக்கற வரைக்கும் காலு ரெண்டும் தண்ணியா வீங்கி, படுத்தா மூச்சு முட்டுது, ராத்திரியெல்லாம் செவுத்துல சாஞ்சு உக்காந்தே கெடந்தேன். வந்த கோவத்துல வெச்சு வாங்கீட்டேன். ஒரு பட்டன் ஒழுங்கா அமுத்தத் தெரியாதா உனக்கு, என்னையக் கொல்லப் பாத்தயான்னு கேட்டுப்போட்டேன். அன்னைல இருந்து இந்தப் போனத் தொட மாட்டேங்கறா. அவளோட பழைய பட்டன் போனே போதும்ங்கறா. அதுக்குத்தான் நானே வந்தேன். இன்னைக்கு அமுத்தி முடிச்சுட்டுப் போயி சொல்றேன் பாருங், எவ்வளவு சுளுவுன்னு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். கிளாட்வினும் சிரித்தார். சுகந்திக்குச் சிரிப்பு வரவில்லை. என்னையக் கொல்லப் பாத்தயா. அதைக் கேட்டுக்கொண்டு அந்த அம்மா எங்கே நின்றிருப்பாள், அடுப்பங்கரையிலா, கையில் என்ன இருந்திருக்கும், அன்றைக்குச் சாப்பிட்டிருப்பாளா, இதெல்லாம் இப்போது எதற்கு, அவர் போனைத் திறந்துவிட்டார், பார், பார்.

வணக்கம் என்று முதல் பக்கம் வந்தது. ‘வணக்கம். உங்கள் நலமே எங்கள் மகிழ்ச்சி.’ அந்த வரி கிளாட்வின் கேட்டு வாங்கியது. அதன்கீழே ‘நேரம் பதிவு செய்ய’. சரியாகத் தொட்டார். “பேரு கேக்குதுங்” என்றார். சுகந்தி தலையாட்டப் போய்க் கழுத்தை நிறுத்திக்கொண்டாள். அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, செ, ன், எங்க போச்சு இந்த னி, ஆங், என்று போய்க்கொண்டிருந்தார். இவள் கண் தேதிக் கட்டத்தின் மேலேயே இருந்தது. தவறு அங்கேதான் இருக்கும், அந்தக் காலண்டர்தான் சனியன், மாதத்தைத் தள்ளினால் போன மாதத்துக்கு ஓடிவிடுகிறது என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்து, போன வாரம் உட்கார்ந்து அதைப் பிரித்து மாற்றிக் கட்டியிருந்தாள். அதற்கு முன்னால் நெட்வொர்க் என்று சந்தேகப்பட்டாள். அதற்கும் முன்னால் எழுத்து சின்னதோ என்று பெரிதாக்கினாள். ஆனால் கம்ப்ளெயின்ட் நிற்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவள் கீழே இருந்த இரண்டு பட்டன்களை மட்டும் பார்க்கவில்லை. பார்ப்பானேன்? அவை அவளுடைய செல்லப் பிள்ளைகள். முதலில் ‘அடுத்த பக்கம் போக’, ‘முந்தைய பக்கம் திரும்ப’ என்றுதான் எழுதியிருந்தாள். போனில் பார்த்தால் பாதி எழுத்து மடிந்து இரண்டாம் வரிக்கு இறங்கி, ஒரு பட்டன் குண்டாக, ஒன்று ஒல்லியாக, “என்ன மேடம் இது, இங்கிலீஷ்ல எவ்வளவு நீட்டா இருக்கு, இது பாருங்க தொந்தியும் தொப்பையுமா” என்றார் கிளாட்வின். ரோஷம் வந்துவிட்டது. இரவு முழுக்க மண்டையைப் போட்டு உடைத்து, குளிக்கும்போது சட்டென்று வந்தது: மேலே போக முன், திரும்பி வரப் பின். ஆளுக்கு இரண்டே எழுத்து! இடப்பக்கம் ‘பின்’, வலப்பக்கம் ‘முன்’, இரண்டும் ஆஸ்பத்திரியின் ஒரே நீலத்தில், இரட்டைக் குழந்தைகளுக்கு ஒரே துணியில் சட்டை தைத்த மாதிரி. என்ன அழகு! கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சூப்பர் என்றார்கள். யாரும் தடுமாறவில்லை. தடுமாறுவார்களா, எல்லாரும் அந்தப் பக்கத்தை முதலில் இங்கிலீஷில் பார்த்தவர்கள்தானே. ஆனால் அப்போது அது தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை, இப்போது அவளுக்குத் தோன்றியதெல்லாம் ஏன் இந்த மனுஷன் நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறார், வலிக்காதா என்பதுதான்.

“ஆஸ்பத்திரிக் கார்டு நம்பரு போட்டாச்சு. தேதி... வெசாளக்கெழமை. போட்டாச்சு.” காலண்டர் கடித்துக் குதறவில்லை, சாதுவாக விழுந்தது. அப்பாடா! சுகந்தி மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். பார்த்தீரா கிளாட்வின், நான்தான் சொன்னேனே, காலண்டர்தான் என்று மனசுக்குள் ஒரு சின்னப் பிரசங்கத்தை ஆரம்பித்தாள். சென்னியப்பன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, எழுதியதையெல்லாம் மேலிருந்து கீழே ஒரு தரம் சரிபார்த்தார். “பேரு ஆச்சு. நம்பரு ஆச்சு. நாளு ஆச்சு. பின்ன...” என்றார். விரல் இறங்கியது. இடப்பக்கமாக இறங்கியது. ‘பின்’ மேலே, ஒரு நூல் இடைவெளியில் நின்றது. அவ்வளவுதான், சுகந்திக்கு விளங்கிவிட்டது. பின்ன. பேரு ஆச்சு, நாளு ஆச்சு, பின்ன. அதற்குப் பின். அதற்கு அப்புறம். ஐயோ! அவள் அந்த வார்த்தையை எழுதி இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது, அவருடையதுதான், பதிவுப் பக்கத்தை மறைத்துக்கொண்டு ‘வீடு’ என்று வந்தது. விரலை எடுத்துக்கொண்டார். “அவதானுங்” என்றார். காதில் வைத்தால் கேட்காது போலிருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டார். “ஆச்சுங்களா?” என்று ஒரு குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. “இரு, எல்லாம் ஆச்சு, இன்னொரு பட்டன்தான் பாக்கி. வந்து சொல்லிக் குடுக்கறேன் இரு” என்றார் இவர், மீசையைத் தடவிக்கொண்டு. “சரிங்” என்றது குரல். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அந்த ஒரு ‘சரிங்’ ரூமைவிட்டுப் போகாமல் ஏசிக் காற்றிலேயே சுற்றிக்கொண்டிருந்தது சுகந்திக்கு.

முன். பின். முன்னால போங்க என்று கண்டக்டர் கத்தினால் எதிரே போகிறோம். முன்னாடியே சொன்னேனே என்றால் அது முடிந்துபோன காலம். பின்னால நில்லு என்றால் முதுகுப் பக்கம். பின்னால பாத்துக்கலாம் என்றால் இனிமேல் வரப்போவது. காலுக்கு முன் என்றால் போகவேண்டிய பக்கம், காலத்துக்கு முன் என்றால் போய்விட்ட பக்கம். அவள் பக்கத்தைப் பாதை என்று நினைத்துக்கொண்டு எழுதினாள், இவரோ அதை வேலை என்று நினைத்துச் செய்கிறார், ஒன்று முடிந்தபின் ஒன்று. யார் சரி? இரண்டு பேரும்தான் சரி! அதுதானே வினையே. இங்கிலீஷில் நினைத்துவிட்டு அதன் மேல் தமிழை ஒட்டியிருக்கிறாள், தேதிக் காலண்டரைப் பிரித்தாளாம், எழுத்தைப் பெருசாக்கினாளாம், பெரிய டிசைனர், தூ. முன்னப்பின்ன தெரியாத வார்த்தையா இது? பிறந்ததிலிருந்து பேசுகிற வார்த்தை. எத்தனை பேர் இந்தப் ‘பின்’னை அமுக்கியிருப்பார்கள்? அமுக்கினால் என்ன வரும்? திரும்பவும் முதல் பக்கம் வரும், எழுதினதெல்லாம் அழிந்துபோகும், அதுவும் இவள் செய்த புண்ணியம்தான், அடுத்தவர் போனில் பதிவு செய்தால் விவரம் தங்கிவிடக் கூடாதென்று. ஆக, ‘வணக்கம்’ என்று வரும். உங்கள் நலமே எங்கள் மகிழ்ச்சி என்று வரும். அதைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? முடிந்தது, வாழ்த்திவிட்டார்கள் என்று தோன்றும். தெய்வானைக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. முடிஞ்சுதுங் என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். இவரைப் போலச் சுவரில் சாய்ந்து மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் எல்லாரும் விடிகிறவரை உட்கார்ந்திருந்தார்களா? யாராவது ஒருவர், ஐயோ வேண்டாம், அப்படியெல்லாம் இருக்காது, கிளாட்வின் சொல்லியிருப்பாரே, சொல்லியிருப்பாரா, அவருக்கு மட்டும் எப்படித் தெரியும், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று யார் போய்க் கேட்டார்கள்?

சென்னியப்பன் போனைத் துடைத்துவிட்டுப் பதிவுப் பக்கத்துக்கு வந்தார். எழுதினது அப்படியே இருந்தது. விரல் திரும்பவும் இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் தொண்டையில் அந்த இருமல் வந்து நின்றது. ஒரே ஒரு இருமல். சளியும் இல்லை, கரகரப்பும் இல்லை, ஆனால் இருமினால் போதும் என்று சுகந்திக்குத் தெரியும். இந்த மாதிரி ஆட்கள் சத்தம் கேட்டால் விரலை நிறுத்துவார்கள், நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார்கள், முகத்தில் என்ன இருக்கிறதோ அதைப் படித்துக்கொண்டு அடுத்த பட்டனுக்குப் போவார்கள். பார்த்திருக்கிறாள். இருமு. அவர் ‘முன்’னை அமுக்குவார். பச்சை வரி வரும். கிளாட்வின் வாயடைத்துப்போவார். தமிழ்ப் பக்கம் பிழைக்கும். வேலையும் பிழைக்கும். மத்தியானமே ஆபீசுக்கு ஓடிப்போய் இரண்டு வார்த்தையையும் மாற்றிவிடலாம், ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது, யாருக்கு என்ன நஷ்டம்? நாளையிலிருந்து யாரும் முட்டிக்கொள்ளப் போவதில்லை. நல்லதுக்குத்தானே? இருமு. ஏசி ரூமில் இருமாத மனுஷர் உண்டா? ஆனால் இவர் வீட்டுக்குப் போவாரே. பச்சை வரியோடு போவாரே. பாத்தயா, ஒரே வாட்டியில ஆச்சு, உனக்குத்தான் தெரியல என்பாரே. சரிங் என்பாளே அவள்! அந்த நினைப்பு எங்கிருந்தோ அந்தப் பழைய சுவிட்ச்போர்டை இழுத்துக்கொண்டு வந்தது. கல்யாணமாகிப் போன புதிதில் மாமியார் வீட்டுக் குளியலறைக்கு வெளியே ஒரே வரிசையில் வெள்ளை வெள்ளையாகச் சுவிட்சுகள், எதிலும் எதுவும் எழுதியிராது, வெந்நீருக்கு என்று இவள் போட்டால் மோட்டார் ஓடும். ஒரு நாள் தொட்டி நிரம்பி மொட்டைமாடியிலிருந்து கொட்டி, பக்கத்து வீட்டம்மா காயவைத்த அப்பளம் முழுக்கக் கூழாகிப்போனது. “எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணுக்கு ஒரு சுவிட்சு தெரியல” என்று மாமியார் தெருவுக்கே கேட்கச் சொன்னார். புருஷன் சிரித்தான். இவளும் சேர்ந்து சிரித்தாள், பிறகு அந்தச் சுவிட்சுகளுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் நான் மக்குதான் போலிருக்கிறது என்று நிஜமாகவே நம்பினாள். கடைசியில் நகப்பாலிஷை எடுத்து வெந்நீர்ச் சுவிட்சில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். அதற்கப்புறம் மாமியாரும் அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் போட்டார். கண்ணால் பார்த்தாள். ஆனால் ஒரு வார்த்தை! உன்மேல தப்பில்லைம்மா, எங்க சுவிட்சுமேலதான் தப்பு என்று ஒரே ஒரு வார்த்தை யாராவது சொன்னார்களா? இன்றுவரை இல்லை. பொட்டு வைத்ததால் மோட்டார் ஓடுவது நின்றது, மக்கு என்ற பேர் நிற்கவில்லை. பட்டனை மத்தியானம் மாற்றலாம். தெய்வானையை எப்படி மாற்றுவது? இருமல் தொண்டையிலேயே நின்றது. சுகந்தி தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்கவில்லை, எடுத்தால் அதுவே சத்தமாகிவிடும் என்று பயந்தாள். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தப் புடைத்த நரம்பிலேயே வைத்தாள். அது துடித்துக்கொண்டிருந்தது.

அமுக்கினார். ‘வணக்கம். உங்கள் நலமே எங்கள் மகிழ்ச்சி.’ சென்னியப்பன் போனை மேசைமேல் வைத்து, நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் விரித்தார். “முடிஞ்சுது! வணக்கம் சொல்லிருச்சு பாருங். இவ்வளவுதானே அம்மிணி? இதுக்குப் போயி...” கிளாட்வின் லேப்டாப்பைப் பார்த்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “சார், பதிவாகலையே.” “ஆகலையா? அதெப்புடி ஆகாம இருக்கும்? நல்லாப் பாருங்.” “ஒண்ணும் வரல சார்.” அவர் சுகந்தியைப் பார்த்தார். எத்தனை தடவை இப்படி ஒரு முகம் இவளைப் பார்த்திருக்கிறது, உதவி கேட்கிற முகம். “இன்னொரு தடவை செய்யறீங்களாண்ணா?” என்றாள். அது மட்டும்தான் சொல்லலாம். அவர் சட்டைக் கையை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டார். மறுபடி செ, ன், னி. கார்டு நம்பர். வியாழக்கிழமை. இந்தத் தடவை வாய் பேசவில்லை, பேசிக்கொண்டே செய்யவேண்டும் என்று ஞாபகப்படுத்த இவளுக்கும் மனசு வரவில்லை. கீழே வந்தார். ‘முன்’னைப் பார்த்தார். “முன்ன இருந்த பக்கத்துக்குப் போறதுக்கு இது, வேண்டாம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தெளிவாக, நிதானமாக, ஒரு தச்சர் ஆணிக்கு இடம் பார்க்கிற மாதிரி பார்த்து, ‘பின்’னை அமுக்கினார். ‘வணக்கம்.’ கிளாட்வின் தலையை அசைத்தார், இல்லை என்று. மருந்துக்கடையில் யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சென்னியப்பன் அந்த வணக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த ஃபோர்மேன் இறங்கிப்போய்விட்டார். “அவளும் இதைத்தானுங் சொன்னா” என்றார் மெதுவாக. “வணக்கம்ன்னு வந்துருச்சுங், முடிஞ்சுதுங்ன்னு. போனக்கூடக் கொண்டாந்து காட்டினா. நான் பாக்கல.” அப்புறம் இவள் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, “எனக்கும் தெரியல போலிருக்குதுங் அம்மிணி. உங்க நேரத்தயும் கெடுத்துப்போட்டேன். கோவிச்சுக்காதீங்” என்றார்.

“பாத்தீங்கல்ல மேடம்” என்றார் கிளாட்வின், லேப்டாப்பைப் பாதி மூடிக்கொண்டே. “இவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தாலும்...” “இல்ல” என்றாள் சுகந்தி. இவ்வளவு நேரம் அடைத்து வைத்திருந்த வாயாகையால் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வந்துவிட்டது. “அவர்மேல தப்பில்ல. அவங்க வீட்டம்மாமேலயும் தப்பில்ல. பேரு எழுதியாச்சு, நாளு போட்டாச்சு, பின்ன என்னன்னுதானே யாரும் கேப்பாங்க? பின்னு அங்க இருக்கு, அமுக்கினாங்க. அவங்க சரியாத்தான் படிச்சாங்க. நான்தான் தப்பா எழுதியிருக்கேன். அந்த வார்த்தையை வெச்சது நான். ஒருத்தர்கிட்டயும் காட்டாம, சரிபாக்காம வெச்சேன்.” சொல்லிவிட்டாள். பயமாகத்தான் இருந்தது. கிளாட்வின் மூடப்போன லேப்டாப்பைத் திறந்து, தமிழ்ப் பக்கத்தைத் தானே வரவழைத்து, உதடு அசையப் படித்தார். முன். பின். மறுபடி படித்தார். “நான் இதைப் படிக்கவே இல்ல மேடம். இடது, வலதுன்னுதான் பாத்தேன்” என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி. தூக்கிரலாம் என்று மட்டும் இப்போது சொல்லவில்லை. நாளைக்கு மேலே போய் என்ன சொல்வாரோ, அது அவருக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. சென்னியப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கோபம் வந்தது. “அப்ப தெரிஞ்சுக்கிட்டேதானா உக்காந்து பாத்துட்டிருந்தீங்?” என்றார். “முதல் தடவை நீங்க பின்னன்னு சொன்னப்பத்தான் தெரிஞ்சுதுண்ணா. சத்தியமா.” “தெரிஞ்சப்பறம் ஏன் சொல்லல?” சுகந்தி மேடையில் நூறு தடவை சொன்ன பதிலை விட்டுவிட்டாள். “சொல்லியிருந்தா நீங்க சரியா அமுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்கண்ணா” என்றாள். அவர் மடித்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். ‘வீடு’ என்பதைத் தேடி அமுக்கினார், எப்போதும்போல ஸ்பீக்கரில்.

“ஆச்சுங்களா?” அதே கிணற்றுக் குரல். “ஆகல புள்ள” என்றார். அந்தப் பக்கத்தில், தூரத்தில் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. ஆகாவிட்டால் யாருக்குத் திட்டு விழும் என்று காத்திருக்கிற மௌனம் அது, சுகந்திக்கு அது நன்றாகத் தெரியும். “நானும் அதயேதான் அமுத்தினேன்” என்றார் சென்னியப்பன். “எதைங்?” “நீ அமுத்துனயே, பின்னு, அதே. ரெண்டு வாட்டி. எனக்கும் வணக்கம்ன்னுதான் வந்துச்சு.” போனை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார். “உம்மேல தப்பில்லையாம். எழுதுனவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க, அவங்களே சொல்லீட்டாங்க. அன்னைக்கு நான் கேட்டது, அந்த... கேட்டிருக்கக் கூடாது புள்ள.” கிளாட்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுகந்தி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டாளோ என்று அவர் போனைத் தூக்கிப் பார்த்தார். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அப்புறம் குரல் கேட்டது, இப்போது கிணற்றுக்குள்ளிருந்து இல்லை, எதிரே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற குரல்.

“பின்ன? அன்னைக்கு நான் என்னங் சொன்னேன்?”